வடகரைக்கு நான்காம் பயணம்

“கதவைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்கள், அம்மா,” என்றார் சேந்தன்.

வேண்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எந்தக் கதவை?”

“அணு உலையின் கதவை.”

சேந்தன் தென்கரை நாட்டின் தூதர். வயது அறுபது. வேண்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். இருந்தும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். மனைவி இறந்த ஆண்டு, வேண்மாளிடம் போனால் மனம் தெளியும் என்று யாரோ சொல்லி, அவள் இருந்த இந்தத் தீவுக்கு வந்தவர், ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தார். மனசு கலங்கும்போதெல்லாம் வருவார். அவள் அதிகம் பேசமாட்டாள்.

தீவு நெடுநீர் ஏரியின் நடுவில் இருந்தது. ஏரிக்குத் தெற்கே அவருடைய நாடு. வடக்கே வடகரை நாடு. இரண்டு நாடுகளும் ஒரே தண்ணீரைக் குடித்தன. இரண்டு கரையிலும் ஆளுக்கொரு அணு உலை. பனி விலகிய நாட்களில் தீவிலிருந்து பார்த்தால், இரண்டின் வெள்ளை நீராவியும் மெல்ல மேலே போய், உயரத்தில் எங்கோ ஒன்றில் ஒன்று கலப்பது தெரியும்.

அன்று எதுவும் தெரியவில்லை. ஏரி முழுக்கப் பனி.

“முன்பெல்லாம் உலக நாடுகளின் சபையிலிருந்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்,” என்றார் சேந்தன். “போன மழைக்காலத்தில் திடீரென்று யாரும் வரக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். ரகசியமாகக் குண்டு செய்கிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.”

“நீங்கள்?”

“நானும்தான்.”

அவள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

“மூன்று தடவை போனேன். முதல் தடவை மரியாதையாகக் கேட்டேன். இரண்டாம் தடவை என்னென்ன உதவி வேண்டுமோ தருகிறோம் என்றேன். மூன்றாம் தடவை பயமுறுத்தினேன்.”

“என்ன சொன்னார்கள்?”

“மூன்று தடவையும் தேநீர் கொடுத்தார்கள்.”

வேண்மாள் சிரித்தாள். சேந்தன் சிரிக்கவில்லை.

“அடுத்த மாதம் முதல் தேதி எங்கள் அரசாங்கம் எல்லையை மூடப்போகிறது. அதன்பிறகு அங்கே கோதுமை போகாது, மருந்து போகாது. அதற்குமுன் எனக்கு இன்னும் ஒரே ஒரு பயணம் இருக்கிறது. என்ன கேட்டால் திறப்பார்கள்? அதைமட்டும் சொல்லுங்கள்.”

அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே கரைக்கு இறங்கிப் போனாள். அங்கே படகு கட்டியிருந்தது.

“ஏறுங்கள்.”

“இந்தப் பனியிலா?”

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

அவர் ஏறினார்.

*

பத்துத் துடுப்புப் போட்ட தூரத்தில் தீவு மறைந்தது. இன்னும் பத்தில், பின்னால் இருந்தது எது, முன்னால் இருப்பது எது என்ற எண்ணமே மறைந்தது.

மேலே வெள்ளை. கீழே வெள்ளை. படகு தண்ணீரில் போகிறதா, காற்றில் போகிறதா என்று சேந்தனுக்குச் சந்தேகமாக இருந்தது. நரைத்த மீசையில் பனி கோத்துக்கொண்டு நின்றது. எங்கிருந்தோ ஒரு நீர்ப்பறவை கூப்பிட்டது. ஒரே பறவை நான்கு திசையிலிருந்தும் கூப்பிடுவதாகக் கேட்டது. அவருக்குக் கண் சொக்கியது. மனைவி எதிரில் உட்கார்ந்து துடுப்புப் போடுவதாக ஒரு கணம் தோன்றியது, அது வேண்மாள்.

அவள் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள்.

படகு நின்றது. நின்றதா, தெரியவில்லை.

அப்போது வேறொரு துடுப்பின் சத்தம் கேட்டது. பக்கத்தில்தான். களக், களக் என்று.

சேந்தன் நிமிர்ந்தார்.

“யார் அங்கே?”

சத்தம் நின்றது.

“யார் என்று கேட்கிறேன். எந்தக் கரை நீங்கள்?”

பதில் இல்லை.

“பதில் சொல்லுங்கள்!”

துடுப்பு மறுபடி விழுந்தது. இந்த முறை வேகமாக. தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

“போகட்டும் விடுங்கள்,” என்றார் சேந்தன். “கள்ளத்தனமாக எதையாவது கடத்துகிறவர்களாக இருக்கும்.”

வேண்மாள் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

“வழி தெரியாமல் நிற்கிறோம்! படகில் தண்ணீர் வேறு ஏறுகிறது!”

சேந்தன் குனிந்து பார்த்தார். அவருடைய காலணிகள் தண்ணீருக்குள் இருந்தன. கணுக்கால் நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“அப்படியே இருங்கள்! அசையாதீர்கள்! இதோ வந்துவிட்டோம்!”

வெள்ளையைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன்படகு வந்தது. அதில் ஒரு கணவன், ஒரு மனைவி. பேச்சு வடகரைப் பேச்சு. கணவன் இரண்டு படகுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மனைவி ஒரு தகர டப்பாவோடு இந்தப் படகுக்குள் தாவி, மளமளவென்று தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். பிறகு அடிப்பலகையைத் தடவிப் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த துணியைக் கிழித்துத் திரித்து ஓட்டைக்குள் திணித்தாள். யார், எந்த ஊர் என்று அவர்கள் கேட்கவே இல்லை.

தீவின் பாறை கண்ணில் படும்வரை கூடவே வந்தார்கள்.

திரும்பும்போது அந்தப் பெண் கேட்டாள்.

“முதலில் ஒரு ஆள் கத்தினாரே, யார் அது? காவல்படை என்று நினைத்துப் பயந்தே போய்விட்டோம்.”

சேந்தன் படகின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

கரையேறிய பிறகு காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்.

“ஓட்டைப் படகு என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே, அம்மா.”

“வெட்கமாக இருந்தது,” என்றாள் வேண்மாள்.

அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

சேந்தன் ஈரக் காலோடு அங்கேயே நின்றார். பனி அவரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தென்கரை உலையில் ஒரு குழாய் இருந்தது. உலையைக் குளிர்விக்கும் குழாய். அதில் விரிசல் விட்டிருந்தது. கதிர்வீச்சு ஏறிய சூடான நீர் சொட்டுச் சொட்டாக ஏரியில் கலந்துகொண்டிருந்தது. அது நாட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும். சபைக்கு அனுப்பிய அறிக்கையில் அது இல்லை. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் சேந்தன்.

அவர் விடைபெறாமலே கிளம்பினார்.

*

தன் நாட்டு அமைச்சரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“குழாய் விஷயத்தை வடகரையிடம் சொல்ல அனுமதி வேண்டும்.”



“புத்தி கெட்டுவிட்டதா உங்களுக்கு? அவர்கள் வாயைத் திறக்கவைக்கத்தான் உங்களை அனுப்புகிறோம்.”

“அதற்காகத்தான் கேட்கிறேன்.”

“சொன்னீர்கள் என்றால் திரும்பி வரும்போது நீங்கள் தூதர் இல்லை. நேராகச் சிறைக்குத்தான்.”

“சரி,” என்றார் சேந்தன்.

கீழ்ப்படிந்துவிட்டார் என்று அமைச்சர் எடுத்துக்கொண்டார்.

*

வடகரை உலையின் தலைவர் பெயர் கொற்றன். ஒல்லியான மனிதர். மூன்று தடவையும் தேநீர் கொடுத்தவர் அவர்தான். இந்தத் தடவையும் தேநீர் வந்தது. குறிப்பெடுக்க இரண்டு பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே ஏரி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெண்மை.

“வழக்கமாகக் கேட்பதைக் கேளுங்கள், தூதரே,” என்றார் கொற்றன். “வழக்கமாகச் சொல்வதை நானும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தூக்கமில்லை.”

“இன்றைக்குக் கதவைத் திறக்கச் சொல்லி வரவில்லை.”

கொற்றன் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கள் உலையில் குழாய் விரிசல் விட்டிருக்கிறது,” என்றார் சேந்தன். “தண்ணீர் ஏரிக்குள் கசிகிறது. எங்கள் ஆட்கள் இரண்டு முறை அடைத்தார்கள். நிற்கவில்லை. சபைக்குச் சொல்லவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான்தான். உங்கள் மக்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.”

தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“உங்கள் பொறியாளர்கள் யாராவது வந்து பார்க்க முடியுமா?”

பேனாக்கள் நின்றிருந்தன.

கொற்றன் அந்த இருவரையும் திரும்பிப் பார்த்தார். வெளியே போகும்படி தலையசைத்தார். அவர்கள் எழுதியதை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

எழுந்து சன்னலருகே போனார். வெண்மை சன்னல்மீது ஊர்ந்து போனது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணின் ஓரங்கள் சிவந்திருந்தன.

“எத்தனை மாதமாக?”

“பதினான்கு.”

கொற்றன் கண்ணை மூடிக்கொண்டார்.

“எங்களுக்கு ஒன்பது,” என்றார்.