ஈரப் பஞ்சு

பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் வேதமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குரு ரஹ்மத்நிஷாவுக்கு முப்பத்தெட்டு. சேதமான ஓவியங்களைச் சீர்செய்வது ரஹ்மத்நிஷாவின் வேலை. வணிகவியல் துறையிலிருந்து மூப்பு வரிசையில் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த வேதமாணிக்கம், படம் பார்க்கவே அவரிடம்தான் கற்றுக்கொண்டார். அதை ஊரறியச் சொல்லவும் செய்வார். கூப்பிடுவதே டீச்சர் என்றுதான்.

அன்று கோப்பும் கையுமாக வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"துணைவேந்தர் வெள்ளிக்கிழமைக்குள்ள திட்டம் கேக்குறாரு டீச்சர். இன்னும் ஐம்பது வருஷத்துக்கு இந்த மியூசியம் எப்படி இருக்கணும்னு. இல்லேன்னா கட்டடம் தேர்வுத் துறைக்குப் போயிரும்."

"என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"நடுச்சுவரை இடிச்சுட்டு, சுத்திப் பெரிய டிஜிட்டல் திரையாப் பதிக்கிறதுன்னு. அப்பதான் பிள்ளைங்க வருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் கையெழுத்துப் போட கை வரமாட்டேங்குது. ஐம்பது வருஷம் கழிச்சு வாரவன் எதைப் பார்க்க வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

குரு மேசைமேல் கிடந்த படத்தைக் காட்டினார். தயிர்க்காரி ஒருத்தியின் படம். எப்போதோ கூரை ஒழுகியதில் முகத்தில் ஓரிடம் உரிந்துபோயிருந்தது.

"முன்னால இந்த வேலையில இருந்தவர், இனிமே இது கெடவே கூடாதுன்னு எண்ணெய் வண்ணத்துல புது முகமே போட்டுட்டார். ஆறு மாசமா அதைக் கத்தி முனையால சுரண்டிக்கிட்டிருக்கேன். பாருங்க, அடியில அசல் கண்ணு. நல்லாத்தான் இருந்திருக்கு."

வேதமாணிக்கம் குனிந்து பார்த்தார்.

"அவரும் நல்லது நினைச்சுத்தான செஞ்சிருப்பாரு?"

"ஆமா."

கன்னத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வண்ணமே இல்லை. மேலே வைப்பது அடியில் ஊறாதபடி குரு அங்கே ஏற்கெனவே வார்னிஷ் பூசிக் காயவைத்திருந்தார். அதன்மேல் நீர்வண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார். ஒரு மணி நேரத்தில் கன்னம் முழுசாயிற்று. வேதமாணிக்கம் தன் கவலையைக்கூட மறந்து சிரித்தார்.

குரு பஞ்சை நனைத்து, ஒரே இழுப்பில் அதைத் துடைத்தெடுத்தார்.

வேதமாணிக்கத்துக்குப் பகீரென்றது. "என்ன டீச்சர் இது?"

"போகுதான்னு பார்த்தேன்" என்றவர் மறுபடி முதலிலிருந்து தொட்டு வைக்க ஆரம்பித்தார்.

வேதமாணிக்கம் பஞ்சில் ஒட்டியிருந்த நிறத்தையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அவர் நீட்டியது ஒரே ஒரு தாள். சுவரை இடிக்க வேண்டாம். திரைகளுக்கும் படம் மாட்டும் பலகைகளுக்கும் சக்கரம் வைத்துக்கொள்வோம். கிடங்கில் கிடக்கும் படங்களில் எது வெளியே வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தந்த வருஷத்து மாணவர்கள் முடிவு செய்யட்டும். துணைவேந்தர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கையெழுத்துப் போட்டார்.

வேதமாணிக்கம் படியைக்கூட இரண்டிரண்டாக ஏறி வந்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கட்டடம் நமக்குத்தான் டீச்சர். இன்னைக்குத்தான் சோறு இறங்கும்."

தயிர்க்காரியின் கன்னம் முழுசாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பழைய பயம் லேசாக எட்டிப் பார்த்தது.

"ஒருவேளை நாம செஞ்சதும் தப்பாப் போச்சுன்னா?"

ரஹ்மத்நிஷா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தொடைச்சுக்கிடுவாங்க சார்."