அக்கா பூசிய நீலம்

எங்கள் மாதா கோயில் பங்கில் சிஸ்டர் பிரிஜித்துக்கு வாய்த்த ஒரே சீடர் கஸ்பார் அண்ணாச்சி. குருவை விடச் சீடருக்கு ஒரு தலைமுறை வயது கூட. கடைப் பலகைகளில் பெயர் எழுதிப் பிழைத்த மனிதர், மூக்கு நுனியில் கோபம். அவருடைய அக்கா சலேத்மேரி இறந்த பிறகுதான் கன்னியர் மடத்துக் கதவைத் தட்டினார்.

"எனக்குச் செபிக்கத் தெரியல சிஸ்டர். சிலுவை போடுறதுல இருந்து சொல்லிக் கொடுங்க."

"இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?"

"அக்கா ரெண்டு பேருக்கும் சேத்து செபிச்சிருவா."

கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்த அக்கா அப்படிப்பட்டவள்தான். எங்கள் கோயிலில் உள்ள சுரூபச் சிலைகளுக்கெல்லாம் வர்ணம் தீட்டியது அவள் ஒருத்தி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, செபமாலை முடித்த பிறகே தூரிகையைத் தொடுவாள். தச்சர் சூசையப்பருக்கு ஒரு முடிகூட நரைக்க விடமாட்டாள். "உழைக்கிற மனுசன், அவரைக் கிழவனாக்காதீக" என்பாள். அவள் போனதில் எங்கள் எல்லாருக்குமே வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரிதான்.

கஸ்பார் வாரம் தவறாமல் மடத்துக்கு வந்தார். சிலுவை போடுவார். அதற்கு மேல் வாய் திறக்காது. எழுந்து போய்விடுவார்.

அதற்குள் மாதா திருநாள் வந்துவிட்டது. கொடியேற்றத்துக்கு முன்னால் மாதா சுரூபத்துக்குப் புதிதாக நீலம் பூசுவது எங்கள் வழக்கம். கடல்காற்று சும்மா இருக்குமா? வருடத்துக்குள் மேல்பூச்சு அங்கங்கே பொருக்குவிட்டுவிடும். பங்குப் பேரவையில் கஸ்பாரைத்தான் பூசச் சொன்னார்கள். அவர் டப்பாவைத் திறப்பார், மூடுவார். இப்படியே நாள் போனது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் டவுனுக்கு அனுப்பி ஸ்பிரே அடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் கோயிலுக்குள் வந்தபோது, கஸ்பார் மாதாவின் காலடியில் மூடிய டப்பாவும் சுரண்டும் பிளேடுமாக உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அவ கைபட்ட கடைசி நீலம் இது. டவுன்காரன் இதுமேல மிஷினை வச்சு அடிப்பான், அதை என்னால பாக்க முடியாது. நானே பூசலாம்னா, எங்கக்காவை நானே அழிச்ச மாதிரி ஆயிராதா?"

சிஸ்டர் கையை நீட்டினார்.

"உங்க பிளேடைக் கொடுங்க."

வாங்கிக்கொண்டு சுரூபத்தின் பின்பக்கம் போனார். சனங்கள் கண்ணில் படாத இடத்தில், மேலாடையின் விளிம்பில், பிளேடைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு.

"ஐயய்யோ! என்ன காரியம் செய்றீக!"

கஸ்பார், சிஸ்டரின் கையைப் பிடிக்கப் பாய்ந்தார். கன்னியராச்சே என்று பாதியில் நின்றுகொண்டார்.

சுரண்டிய இடத்தில் நீலம் பரோட்டா போல அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"வாசிங்க" என்றார் சிஸ்டர்.

"இதுல என்னத்த வாசிக்க?"

"நீங்கதானே அக்காவுக்கு வருசா வருசம் கலக்கிக் கொடுத்தீங்க?"

கஸ்பார் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிக் குனிந்தார்.

"இது போன வருசம். கண்ணுல புரை. திட்டுத்திட்டா அப்பி வச்சிருக்கா. சொன்னாக் கேட்டாத்தானே."

"அதுக்குக் கீழ?"

"இது... கறுத்த நீலம். எங்கய்யா செத்த வருசம். வெள்ளை கலக்கவே விடல. மாதாவும் நம்ம கூடத் துக்கம் இருக்கட்டும்னா. பங்குச் சாமியார் வந்து சத்தம் போட்டாரு. அவ அசையல."

"இது ரொம்பப் பளிச்சுன்னு இருக்கே?"

அவர் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்.

"அவளுக்குப் பேசி முடிச்ச கல்யாணம் நின்னுபோன வருசம் சிஸ்டர். வீடே அழுதுகிட்டிருக்கு. அவ இருக்கறதுலயே நல்ல நீலமா வாங்கிட்டு வரச் சொன்னா. 'தாயே, நான் கட்டாத சேலைய நீ கட்டிக்கோ'ன்னு சொல்லிச் சொல்லிப் பூசினா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அக்கா இறந்த அன்றுகூட அழாதவர் இப்போது அழுதார். சிஸ்டர் அவரை அழ விட்டார். பிறகு விளிம்பைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்ன? எல்லாத்துக்கும் அடியில, பச்சை கலந்த மாதிரி?"

கஸ்பார் மறுபடி குனிந்தார். அந்த நீலத்தின் மேல் மெலிசாக ஒரு பொன் கோடு ஓடியது.

"இது அக்கா கோடு இல்ல. அவ கோடு கொஞ்சம் சாயும். இது அவளுக்கு முந்தி யாரோ பூசினது."

"யாரு?"

"தெரியல. அக்காவும் முதல் வருசம் தெருத்தெருவா விசாரிச்சா. ஒருத்தருக்கும் பேரு ஞாபகமில்ல. அன்னிக்கு முழுக்க அவ சோறு திங்கல."

"அப்புறம் எப்படி அதுமேல பூசினாங்க?"

"மறுநாள் முழங்கால் போட்டு, செத்தவங்களுக்கான செபத்தைச் சொன்னா. பொறவுதான் தூரிகையைத் தொட்டா. வருசா வருசம் அதே செபம்தான். திருநாள் நேரத்துல என்ன எழவுச் செபம்னு நான் ஏசுவேன். எங்கய்யாவுக்குச் சொல்றான்னு நெனச்சிக்கிட்டேன்."

"முதல் வருசம் உங்க ஐயா உயிரோட இல்லையா?"

"இருந்தாரே! குத்துக்கல்லாட்டம்..."

கஸ்பார் அந்தப் பொன் கோட்டை விரலால் தொட்டார். விரலை எடுக்க மனமில்லாமல் நின்றார்.

"சிஸ்டர்... அப்ப அவ இத்தனை வருசமும் இந்த ஆளுக்காகவா?"

சிஸ்டர் டப்பாவின் மூடியைத் திறந்து, தூரிகையை அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க பேரு தெரியாத ஒருத்தருக்காகச் செபிச்சாங்க. உங்களுக்குப் பேரு தெரியும் அண்ணாச்சி. முழங்கால் போடுங்க."