இடது கை தூக்கினவங்க

குருன்னா நரைச்ச தாடியும், சிஷ்யன்னா அரும்பு மீசையும் இருக்கணும்னு எவன் சொன்னான்? கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சிஷ்யைக்கு வயசு அம்பத்துநாலு, பேரு பொற்கொடி, கணக்கு டீச்சர். குருவுக்கு முப்பத்தொண்ணு, பேரு ரெஜினா, அறிவியல் டீச்சர். ரெஜினாதான் பொற்கொடிக்கு பிளாக் எழுதக் கத்துக்குடுத்தது. இன்டர்நெட்டுல நாம எழுதுறதை ஊரு உலகத்து டீச்சருங்கல்லாம் படிக்கலாம், கீழேயே பதிலும் எழுதலாம்.

பொற்கொடி எழுதுனா எழுதுனா, அப்படி எழுதுனா. கணக்குத் திருவிழா, கலர் பேப்பர் தோரணம், சிரிக்கிற பிள்ளைங்க போட்டோ. கீழ எல்லாரும் "அருமை டீச்சர்", "வாழ்த்துகள் டீச்சர்"னு போட்டாங்க.

ஒருநா ரெஜினாகிட்ட கேட்டா. "குருவம்மா, இத்தனை பேரு அருமைங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் வந்து சேரலையே, ஏன்?"

"தோத்துப்போன பாடத்தை எழுதுங்கக்கா."

இந்த இடத்துல எங்க தெரு சொர்ணத்தம்மா ஞாபகம் வருது. அதிரசம் நல்லா வந்தா தெருவுக்கே குடுப்பா. பாகு பதம் தப்பி எண்ணெயில பிரிஞ்சுபோச்சுன்னா, கதவைச் சாத்திக்கிட்டு வீட்டோட தின்னு தீத்துருவா. அடுத்த வீட்டுலயே பாகு வைக்கிறதுல கெட்டிக்காரி ஒருத்தி இருந்தா. என்ன பிரயோசனம்? போய்க் கேட்டாத்தானே! கடைசிவரைக்கும் சொர்ணத்துக்குப் பதம் பிடிபடல. சரி, அது கெடக்கட்டும்.

பொற்கொடி ராத்திரியெல்லாம் யோசிச்சு எழுதிட்டா: 'மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு கேட்டா, என் பிள்ளைங்க நாலுங்குறாங்க. நாலு மூணைவிடப் பெருசாம். ரொட்டியை வெட்டிக் காமிச்சேன், பேப்பரை மடிச்சுக் காமிச்சேன். தோத்துட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.'

மறுநா காலையில ஹெட்மாஸ்டர் ஆவுடையப்பன் போனை நீட்டிக்கிட்டு வந்தாரு. முகம் சுட்ட கத்தரிக்கா மாதிரி.

"என்ன டீச்சர் இது? நம்ம மானத்தை நீங்களே ஏலம் போடுறீங்களா?"

"இல்ல சார்..."

"மத்தியானம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வாராரு. அதுக்குள்ள அழிக்கணும். இல்லன்னா மெமோ. புரொமோஷன் லிஸ்ட்ல பேரு இருக்குல்ல? பாத்துக்கிடுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலி, இத்தனை வருஷக் காத்திருப்பு. போனைத் தொறக்கவே பயம். எவன் எவன் என்ன சொல்லிச் சிரிச்சிருக்கானோ!

மத்தியானம் டிபன் பாக்ஸை மூடி வச்சா. நேரா ரெஜினாகிட்ட ஓடுனா.

"அழிக்கவா, வைக்கவா?"

ரெஜினா பொற்கொடி கையைப் பிடிச்சு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனா. பிள்ளைங்களைப் பாத்துக் கேட்டா.

"மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு. எது பெருசு?"

எல்லாக் கையும் மேல போச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்குன்னு ஹெட்மாஸ்டர் பழக்கி வச்ச வித்தை அது. தெரிஞ்சவன் வலது கையைத் தூக்கணும், தெரியாதவன் இடது கையை. டீச்சர் வலது கையாப் பாத்து எழுப்பிவிடணும். வர்றவருக்கு வகுப்பு பூரா கெட்டிக்காரனுங்க!

"அக்கா, அதிகாரி போனப்புறம் பாடம் சொல்லிக்குடுக்க நீங்க யாருகிட்டப் போவீங்க?"

"இடது கை தூக்குனவன்கிட்ட."

"அவனும் வலது கையைத் தூக்கிட்டா?"

பொற்கொடி வாயத் தொறக்குமுன்ன, வாசல்ல ஜீப்பு சத்தம். ஆவுடையப்பன் ஜன்னல்ல தலைய நீட்டுனாரு.

"அழிச்சாச்சா?"

பொற்கொடி போனைத் தொறந்தா. கீழ வரிசையாப் பதில் நிக்குது. ஒருத்தரும் சிரிக்கல. "என் வகுப்புலயும் இதே பாடுதான்", "எங்க ஊர்லயும் தான்". கூடலூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தி எழுதியிருந்தா: 'கீழ இருக்குற நம்பரைப் பங்காளிங்கன்னு சொல்லிப் பாருங்க.'

அழிக்கிற பட்டன்மேல விரல் நிக்குது. அதிகாரி உள்ள வந்துட்டாரு.

வந்தவரு புத்தகத்தைப் புரட்டி, கெட்ட நேரம் பாருங்க, பின்னத்தையே கேட்டாரு. எல்லாக் கையும் மேல. "பரவாயில்லையே!"ன்னு அவரே ஒரு பிள்ளையைக் காமிச்சாரு. பேச்சித்தாயி. இடது கை.

அது எந்திரிச்சுது. முழிச்சுது. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. ஆவுடையப்பன் தொண்டையைச் செருமி, வேற பிள்ளையைக் காட்டுனாரு.

"ஏம்மா, தெரியாமலா கை தூக்குன?"ன்னாரு அதிகாரி.

பேச்சித்தாயி பொற்கொடியைப் பாத்துச்சு.

"அவ சரியாத்தான் சார் தூக்குனா," பொற்கொடி சொன்னா. "இடது கைன்னா தெரியலைன்னு அர்த்தம். இந்தப் பாடம் எனக்கு நடத்த வரல சார்."

அதிகாரி கடைசி பெஞ்சுல போய் உக்காந்தாரு. "இப்ப நடத்துங்க."

பொற்கொடி சாக்பீஸை எடுத்தா. மூணை எழுதுனா, நாலை எழுதுனா.

"பேச்சித்தாயி, ஒரே அளவு வயக்காடு ரெண்டு. இங்க மூணு பங்காளி, இங்க நாலு பங்காளி. நீ எந்த வீட்டுல பொறப்ப?"

"மூணு பங்காளி வீட்டுலதான் டீச்சர்."

"ஏன்டி?"

"பங்காளி கூடுனா பங்கு கொறைஞ்சிரும்ல?" சொல்லிட்டு அதுவே வாயைப் பொத்திக்கிச்சு. "அப்ப... மூணுல ஒண்ணுதான் பெருசா!"

பொற்கொடி மறுபடி கேட்டா; சுத்தி முன்ன இடது கை தூக்குனதெல்லாம் ஒவ்வொண்ணா வலது கையைத் தூக்குது.

அதிகாரி எந்திரிச்சாரு. வாசல்ல நின்னு ஆவுடையப்பனைக் கேட்டாரு: "அந்த இடது கை ஏற்பாடு யாரு சார் பண்ணுனது?"

ஆவுடையப்பன் ஜீப்பு கதவைத் தொறந்துவிட ஓடுனாரு.

ஆனாலும் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் சொன்னபடியே மெமோ வந்துச்சு. பொற்கொடி கையெழுத்துப் போட்டு வாங்கி, பைக்குள்ள வச்சுக்கிட்டா. புரொமோஷன் என்னாகுமோ, மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

பஸ் ஸ்டாண்டுல ரெஜினா பக்கத்துல பொற்கொடி வந்து நின்னா. "குருவம்மா, அழிக்கல. இன்னைக்கு நடந்ததையும் எழுதிரட்டுமா?"

ரெஜினா அவ போனை வாங்கிப் பாத்தா. கீழ புதுசா ஒருத்தர் எழுதியிருந்தாரு: 'டீச்சர், எனக்கு தசமம் நடத்த வரல. யார்கிட்டயும் கேட்டதில்ல. உங்களைக் கேக்கலாமா?'

போனைத் திருப்பிக் குடுத்தா.

"எழுதுறதைப் பொறவு பாத்துக்கலாம்க்கா. அங்க ஒருத்தரு இடது கையைத் தூக்கிட்டு நிக்காரு. போங்க."