செத்த புருசன் அளந்த நெல்லு

ஒரு ஊர்ல, உப்போடைன்னு ஒரு ஊரு, கடலுக்கு ரெண்டு நாள் நடை, அந்த ஊர்ல முத்திருளன்னு ஒரு உப்பு வியாபாரி இருந்தானாம். அவனுக்குப் பன்னெண்டு பொதிமாடு, கல்லுக்கட்டு வீடு, தானியம் கொட்டி வைக்க ரெண்டு குதிரு. பொண்டாட்டி பேரு சிலம்பாயி. பொண்ணு ஒண்ணு, பவளம்னு பேரு, அஞ்சு வயசு.

ஒருநா காலையில சிலம்பாயி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கா, அப்ப அரண்மனைச் சேவகன் வந்து, "உன் புருசன் உன்னைத் தீர்த்துவிடச் சொல்லி ராசாகிட்ட வழக்குப் போட்டிருக்கான், கிளம்பு"ன்னானாம். நேத்து ராத்திரி அவ கையால சோறு வாங்கித் தின்ன மனுசன்! ஒரு வார்த்தை சொல்லலியே! புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, அழுகை கூட வராம, பேயறைஞ்சவ மாதிரி சேவகன் பின்னாடியே நடந்தா.

ராசா கேட்டாரு, "ஏம்பா, இவகிட்ட என்ன குத்தம் கண்ட?"

"இவ சமைக்கிறதுல உப்பே இல்ல மகாராசா."

"உப்பு வியாபாரி வீட்டுல உப்பு இல்லையா?"

சிலம்பாயி சொன்னா, "உப்புப் பானைக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுப் போறாரு மகாராசா. மாசத்துக்கு ஒரு கை உப்பு குடுப்பாரு. அதுலதான் நான் சமைக்கணும்."

சபையில எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நீங்களும் சிரிக்கிறீங்க, ஆனா அவளுக்குச் சிரிப்பு வருமா, சொல்லுங்க?

ராசா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு, "வேணாங்கிறவன் வீட்டுல ஒரு பொம்பளையக் கட்டிப்போட என்னால ஆகாது. தாலிய அத்துவிடலாம். ஆனா பெத்த புள்ளை வயித்த எப்படி அத்துவிடுவ? அமாவாசைக்கு அமாவாசை ஆறு மரக்கா நெல்லு இவ வீட்டு வாசலுக்கு வந்தாகணும், இவ பொண்ணு ஆளாகி ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்குற வரைக்கும். ஒருக்கா தவறுனா பொறுப்பேன். ரெண்டுக்கா தவறுனா பொறுப்பேன். மூணாவது தவறுனா விலங்குதான்."

"உத்தரவு மகாராசா"ன்னு குனிஞ்சு கும்புட்டான் முத்திருளன். என்னா பணிவு!

சிலம்பாயி ஊருக்குக் கடைசியில ஒரு குடிசையில போய் இருந்தா. மொத அமாவாசை வந்துச்சு, மூட்டையும் வந்துச்சு. ஆசையா அவுத்துப் பாத்தா, அம்புட்டும் பதரு! ஊதுனா பறக்குது. ஒரு மணி அரிசி இல்ல.

ரெண்டாவது அமாவாசைக்கு மூட்டையே வரல. சேவகன் போய்க் கேட்டதுக்கு, "மாட்டுக்கெல்லாம் நோவு கண்டு பன்னெண்டும் செத்துப்போச்சு, நான் பிச்சைக்காரன் ஆயிட்டேன்"னு மாரடிச்சு அழுதானாம். தொழுவத்துல பாத்தா மாட்டையும் காணோம், ஒரு மணிச் சத்தமும் காணோம். அவன் மணியெல்லாம் கழட்டிட்டு மாட்டக் காட்டுக்குள்ள ஓட்டி விட்டிருந்தான்.

மூணாவது அமாவாசைக்கு முந்தின நாளு. முத்திருளனோட அண்ணன் வீரபுத்திரன் தலைவிரி கோலமா ஊருக்குள்ள ஓடியாரான். "ஐயோ, எந்தம்பி போயிட்டானே! உப்பெடுக்கப் போன எடத்துல கடல் கொண்டு போயிருச்சே! ஒடம்பு கூடக் கிடைக்கலியே!"

ஒடம்பு கிடைக்கலன்னா என்ன செய்வாங்க? வைக்கோல்ல ஒரு ஆளு கட்டி, வேட்டிய உடுத்தி, பாடையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. வீரபுத்திரன் மொட்டை அடிச்சுக் கொள்ளி வச்சான். பதினாறாம் நாள் பந்தி போட்டான், ஊரே தின்னுச்சு.

சிலம்பாயி தெருவோரமா நின்னு அந்தப் பாடை போறதப் பாத்தா. அத்துவிட்டவளுக்கு அழுகை எதுக்குன்னு பக்கத்துல நின்னவளுக கேட்டாளுக. அவளுக்கே தெரியல. பவளம் சேலையப் புடிச்சு இழுத்து, "அம்மா, அப்பா எங்க?"ன்னுச்சு. "செத்துப்போயிட்டாரு தாயி"ன்னு சொன்னா. செத்தவன்கிட்ட யாரு நெல்லு கேக்குறது? ராசா உத்தரவும் அன்னியோட படுத்திருச்சு.

அப்பறம் அவ கிழங்கு வேகவச்சுக் கூடையில சுமந்து சந்தை சந்தையா வித்தா. இப்படியே நாலு மாசம் போச்சு. ஒருநா ஆலங்கரைச் சந்தை, உப்போடையில இருந்து ஒரு பகல் நடை. கூடையோட போறா, அப்ப யாரோ மாட்டுக்கு வெலை பேசுறாங்க. அந்தக் குரலு! அவ கால் நின்னு போச்சு. திரும்பிப் பாக்குறா, பணியாரக் கடை முன்னாடி, பட்டுத் துண்டு போட்டுக்கிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டு, கடல் கொண்டு போன முத்திருளன் பணியாரம் திங்கிறான்!

கூடை கீழ விழுந்து கிழங்கெல்லாம் உருண்டுச்சு. அவ மொதல்ல பேய்னு நெனச்சா, அதனால காலப் பாத்தா. காலு தரையில இருக்கு, செருப்பு கூடப் போட்டிருக்கு.

அவன் அந்தப் பக்கம் போனதும் பணியாரக்காரிகிட்ட கேட்டா, "ஆத்தா, இப்பத் தின்னுட்டுப் போறாரே, அவரு யாரு?"

"அவரா? சொக்கன்னு பேரு. அப்பன் ஆத்தா, அண்ணன் தம்பி யாரும் இல்லாத ஒத்தை ஆளாம். எங்க ஊரு மணியக்காரரு தன் பொண்ணக் குடுக்குறாரு. வார பௌர்ணமி கழிஞ்சு முகூர்த்தம்."

உயிரோட இருந்துக்கிட்டு, பெத்த புள்ளைக்கு ஆறு மரக்கா நெல்லு அளக்கப் பயந்து, தன் பாடையத் தானே கட்டச் சொன்ன மனுசன்! இப்படியும் ஒரு பொறப்பு உண்டா? சிலம்பாயி உருண்ட கிழங்கப் பொறுக்கிக் கூடையில போட்டுக்கிட்டு நேரா ஊருக்குத் திரும்புனா.

சேவகன்கிட்டச் சொன்னா. "நீ பேயப் பாத்திருப்ப"ன்னான். அக்கம்பக்கத்துல சொன்னா. "பாவம், துக்கத்துல புத்தி பெசகிருச்சு"ன்னாங்க. வீரபுத்திரன்கிட்டயே போய்ச் சொன்னா. அவன் அருவாளத் தூக்கிட்டு வந்து, "கொள்ளி வச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"ன்னான்.

உக்காந்து யோசிச்சா. "உயிரோட இருக்காருன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. சரி, செத்துட்டாருன்னே வச்சுக்குவோம்"னு முந்தானையத் தட்டிட்டு எந்திரிச்சு நேரா ராசாகிட்டப் போனா.

"மகாராசா, எம்மகளோட அப்பா செத்து நாலு மாசம் ஆச்சு. செத்தவரு சொத்து அவரு புள்ளைக்குத்தானே? வாங்கிக் குடுங்க."

ராசா வீரபுத்திரனக் கூப்புட்டாரு. "உன் தம்பி செத்தது நெசமா?"

"சத்தியமா நெசம் மகாராசா. இந்தக் கையாலதான் கொள்ளி வச்சேன்."

"அப்ப வீடு, குதிரு எல்லாம் பவளத்துக்கு. வார பௌர்ணமி அன்னைக்குச் சபையில வீட்டுச் சாவியக் குடுக்குறோம். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தண்டோராப் போடுங்க."

வீரபுத்திரன் மூஞ்சி செத்துப்போச்சு. ஆலங்கரையிலயும் தண்டோரா அடிச்சாங்க, சொக்கன் காதுலயும் விழுந்துச்சு.

பௌர்ணமி வந்துச்சு. சபை நெறையக் கூட்டம். ராசா சாவிய எடுத்துப் பவளத்தோட சின்னக் கையில வைக்கிறாரு, அப்ப ஒருத்தன் கூட்டத்தக் கிழிச்சுக்கிட்டு, "நிறுத்துங்க! என் வீடு அது! நான் சாகல!"ன்னு ஓடியாரான். பின்னாடியே மணியக்காரரும் மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சோன்னு மூச்சு வாங்க ஓடியாராரு.

ஐயோ, பதினாறாம் நாள் பந்தியில தின்ன ஊராச்சே! "பேய், பேய்"னு பாதிப் பேரு தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டாங்க. ராசாவே ஒரு நிமிசம் சிம்மாசனத்துல பின்னுக்கு நகந்துட்டாரு.

"யாருடா நீ?"

"முத்திருளன் மகாராசா."

ராசா வீரபுத்திரனப் பாத்தாரு. "இவன் உன் தம்பியா?"

வீரபுத்திரன் மனசுக்குள்ள கணக்குப் போட்டான். ஆமான்னா பொய்ச்சத்தியம் செஞ்சதுக்குத் தலை போகும். "எந்தம்பி செத்துட்டான் மகாராசா. இவன் யாரோ!"

"அண்ணே!"ன்னு அலறுனான் முத்திருளன்.

ராசா மணியக்காரரக் கேட்டாரு. "எனக்கு இவன் பேரு சொக்கன், மகாராசா. ஒத்தை ஆளுன்னு சொன்னான். இப்ப அண்ணேன்னு கூப்புடுறானே?"ன்னு அந்தாளு தலையில கைய வச்சுக்கிட்டாரு.

கடைசியில முத்திருளன் தடால்னு சிலம்பாயி முன்னாடி விழுந்தான். "நீயாச்சும் சொல்லு சிலம்பாயி. நான் யாருன்னு நீயாச்சும் சொல்லு."

தெரியாதுன்னு ஒரு வார்த்தை போதும். வீடு, குதிரு எல்லாம் அவளுக்கு. அவளும் வாயத் தொறக்கத்தான் போனா. அப்ப பவளம் கையில சாவிய வச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்து, "அம்மா, அப்பா செத்துப்போயிட்டாருன்னு சொன்னியே, இந்தா இருக்காரே!"ன்னு சிரிச்சிருச்சு.

சிலம்பாயி புள்ளை கையில இருந்த சாவிய வாங்கி ராசா பக்கம் நீட்டுனா.

"இவருதான் மகாராசா. உயிரோடதான் இருக்காரு. கண்ணு முன்னாடி நிக்கிற அப்பனச் செத்தவன்னு நான் எம்மக வாயால சொல்ல வைக்க மாட்டேன். இந்தாங்க சாவி. ஆனா செத்தவரு அளக்க முடியாதுன்னுதான் இத்தன நாள் பொறுத்தேன். உயிரோட இருக்குறவரு அளக்கட்டும்."

ராசா சாவிய வாங்கிக்கிட்டாரு. அப்பறம் தீர்ப்புச் சொன்னாரு. "விட்டுப்போன அத்தன மாச நெல்லையும் இப்பவே இவன் குதிரத் தொறந்து அளங்க. இனிமே இவன் கையில குடுத்து வாங்குற வேலையே வேணாம். மாசா மாசம் இவன் உப்பு வித்து வாங்குன நெல்லு கோட்டை வாசலுக்கு வரும்போது, மொத ஆறு மரக்கா பவளத்துக்கு. அது அளந்த பொறவுதான் இவன் மாடு உள்ள போகலாம். பொய்ச்சத்தியம் செஞ்ச அண்ணங்காரன் ஆறு மாசம் பொதிமாட்டோட மாடா அரண்மனைக்கு உப்பு சுமக்கட்டும். இவனும் கூடவே சுமக்கட்டும்."

மணியக்காரரு, "கருமாதி முடிஞ்சவனுக்கு எம்பொண்ணா?"ன்னு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் முத்திருளனுக்கு எந்த ஊர்லயும் பொண்ணு கிடைக்கல.

அடுத்த அமாவாசைக்குக் கோட்டை வாசல்ல அவனே நெல்லு அளந்தான். பழைய புத்தி போகுமா? மரக்கா மேல கைய வச்சு வழிச்சான். வாசக்காவக்காரன் ஈட்டியால ஒரு தட்டுத் தட்டி, "குமிச்சு அள"ன்னான். குமிச்சு அளந்தான். பவளம் பக்கத்துல நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுச்சு.

அவன் அளக்க அளக்கச் சிலம்பாயி வீட்டுல உலை கொதிச்சுச்சாம். பெத்ததுக்குச் சோறு போடப் பயந்து செத்தவன, உயிரோட வந்தும் ஒருத்தனும் மதிக்கலியாம். சொன்ன வாய்க்கு ஒரு வெத்தலை, கேட்ட காதுக்கு ஒரு தூக்கம். போய்ப் படுங்க.