முதலாளி மூக்கில் ஓட்டை

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த சென்னியப்பனுக்குத் தன் முகத்தின் மேல் அப்படியொரு ஆசை. காலங்காலமாக வந்த சணல் சாக்கை ஒதுக்கிவிட்டு, தன் படத்தைப் பெரிதாக அச்சடித்த பளபள பிளாஸ்டிக் பையில் கிழங்கை அடைக்கச் சொன்னார். இரண்டே வாரத்தில் கிழங்கு உள்ளேயே வியர்த்து அழுகியது. கேரள வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

பழி யார் மேல்? மூட்டை தைக்கிற மாராத்தாள் மேல்!

"உன் தையல்தான் சரியில்ல. அடுத்த லோடு இதே பையில ஒரு மாசம் கெடாம இருக்கோணும். இல்லீன்னா நீ வேலைக்கே வர வேண்டாம்!"

"இதே பைதானுங்களே? ஆகட்டுங்க" என்று மாராத்தாள் கோணி ஊசியை எடுத்தாள்.

மாதம் முடிந்தது. வியாபாரிகள் முன்னால் மூட்டைகளைப் பிரித்தார்கள். கிழங்கு நேற்றுத் தோண்டியதுபோல் உலர்ந்து கெட்டியாக இருந்தது. மீசையை முறுக்கிக்கொண்டே பையைப் பார்த்த சென்னியப்பன் அலறினார். படத்தில் மூக்கு, வாய், காது, சட்டைப் பொத்தான், எல்லாம் பொத்தல்!

"யாரைக் கேட்டு என் மூஞ்சியைக் குத்துனே?"

"உங்க மூக்குல ஓட்டையே இல்லாம அச்சடிச்சுட்டாங்க முதலாளி. நீங்க மூச்சு விட்டாத்தானுங்களே உள்ள கிடக்குற கிழங்கும் மூச்சு விடும்?"

மண்டியே சிரித்தது. பாலக்காட்டு வியாபாரி ஒருவர் முந்திக்கொண்டு கத்தினார்:

"எனக்கு நூறு மூட்டை! மூக்குக் குத்தின முதலாளி மட்டும் போதும்!"