தவமணியின் கீரைப் பாத்தி

குளக்கரைப் புதரில் தவமணி என்றொரு முயல் தனியாக வாழ்ந்தது. அதன் மூன்று குட்டிகளும் வளர்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டன. பேச ஆளில்லாமல் சில நாள் அது குளத்துத் தண்ணீரைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கும்.

ஒருநாள் மைனா சேதி கொண்டுவந்தது.

"தவமணியம்மா! பனிக்காலத்துல உன் பிள்ளைங்க வர்றாங்களாம்!"

தவமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகளுக்குச் சக்கரவர்த்திக் கீரை என்றால் உயிர். உடனே மண்ணைக் கிளறிப் பாத்தி கட்டியது. கறுப்புக் கறுப்பாய்ப் பொடி விதைகள். ஒரே இடத்தில் கொத்தாக விழாதபடி மணலில் கலந்து தூவியது. தாமரை இலையில் தண்ணீர் ஏந்தி வந்து தெளித்தது.

கீரை முளைத்துத் தளதளவென்று வந்தது. இலைக்கு அடியில் மாவு பூசியது போல ஒரு வெண்மை. தினமும் விடிந்ததும் தவமணி கிழக்கே பார்த்துக் கும்பிடும். "சாமி, என் பிள்ளைங்க வர்ற வரைக்கும் இதுல ஒரு இலைகூடக் குறையக் கூடாது!"

அடுத்த வளையிலிருந்த சடையன் என்ற முள்ளம்பன்றி நொண்டிக்கொண்டே வந்தது.

"முயலக்கா, கால் வீங்கிப்போச்சு. தூரமாப் போய் இரை தேட முடியலை. ரெண்டு கிள்ளு கீரை குடேன்!"

"ஐயோ, முடியாதப்பா! அது என் பிள்ளைங்களுக்கு."

"இவ்வளவுமா? உன் பிள்ளைங்க முயலா, யானையா?"

"நானே ஒரு இலை தின்னலை, தெரியுமா? சரி, வந்தது வந்தே, நாலு முள்ளு குடுத்துட்டுப் போ. வேலி கட்டணும்."

"யாரும் வராம இருக்கவா?"

"உன்னை மாதிரி ஆளுங்க வராம இருக்கத்தான்!"

சடையன் விழுந்து விழுந்து சிரித்தது. உடம்பைச் சிலுப்பி நாலு முள்ளை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. பிறகு அது வரவேயில்லை.

பனி வந்தது. பனி போனது. மலைப்பாதையில் ஒரு காது நுனிகூடத் தெரியவில்லை. கீரை தவமணியைவிட உயரமாக வளர்ந்து, நுனியில் பூக்கொத்து தள்ளியது.

மைனா மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"அங்கேயே புல் மண்டிக் கிடக்காம். அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க, தவமணியம்மா."

"நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்காங்க."

"அது போதும்" என்றது தவமணி. ஆனால் மைனா பறந்ததும் பாத்திக்குள் போய் அழுதது. பசியில் ஓர் இலையைக் கடித்தது. நாராய் இழுத்தது. அடுத்த செடியும் அப்படியே. எல்லாம் முற்றிப்போய்விட்டது!

மூலையில் ஒரே ஒரு செடி மட்டும் குட்டையாய், பச்சைப்பசேலென்று நின்றது. எந்த மான்குட்டி எப்போது வேலிமேல் தலையை நீட்டிக் கடித்ததோ! அந்தச் செடிக்கு நுனி இல்லை. நுனி போன இடத்தைச் சுற்றி ஏழெட்டுக் கிளை விட்டுத் துளிர்த்திருந்தது.

தவமணி அதையே வெகுநேரம் பார்த்தது. பிறகு துளிர்களையெல்லாம் கிள்ளி எடுத்துக்கொண்டு அடுத்த வளைக்கு ஓடியது.

"சடையா! உயிரோட இருக்கியாப்பா?"

சடையன் எலும்பும் முள்ளுமாய்ப் படுத்திருந்தது. "பிள்ளைங்களுக்குன்னு சொன்னியே, அக்கா?"

"அவங்க வந்தா அவங்களுக்குப் புதுசா விதைச்சுக்கலாம். நீ முதல்ல தின்னு!"

"நீயும் தின்னு. தனியாத் தின்னா எனக்கு இறங்காது."

இரண்டும் சேர்ந்து தின்றன. தவமணி நடுநடுவே மலைப்பாதையைப் பார்க்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றைக்கு, "சாப்பிட்டாயா?" என்று அது கேட்டதற்கு, "வயிறு நிறைஞ்சுது, அக்கா!" என்று ஒரு குரல் பதில் சொன்னது.

தூரத்தில் இருப்பவர்களுக்கென்று தொடாமல் வைக்கும் அன்பு முற்றி நாராகிவிடும். பக்கத்தில் பசித்திருப்பவருக்குக் கிள்ளிக் கொடுக்கும் அன்புதான் கிளைவிட்டுத் தழைக்கும்.