கண்டெடுப்பான் வந்த நாள்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் ஒரு கணினி இருந்தது. அந்தக் கணினிக்குள் ஹார்ட் டிஸ்க் என்றொரு வீட்டுக்காரர் இருந்தார். எண்ணி மாளாத அறைகள் அவருக்குச் சொந்தம். பாட்டு, படம், பில், விண்ணப்பம் என்று யார் வந்து நின்றாலும் ஓர் அறையைக் கொடுத்து, கதவில் பெயர்ப்பலகையை மாட்டிவிடுவார். வாடகை கேட்கமாட்டார், குணம் பார்க்கமாட்டார். பலகை தொங்கினால் உள்ளே ஆள் உண்டு, தொங்காவிட்டால் அறை காலி. அவருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

அந்த அறைகளில் ஒரு வரிசை முழுக்கக் குழந்தைப் படங்கள் குடியிருந்தன. எல்லாம் ஒரே குழந்தை, நறுமுகை. துணிக்குள் சுருண்டு கிடந்த நாளிலிருந்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்ற நாள் வரைக்கும் அவள் அங்கே இருந்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற பெரிய மனுஷி. படம் எடுத்த போன் என்றைக்கோ வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. ஆகவே அவளுடைய முதல் வருஷம் உலகத்தில் இந்த ஒரு வரிசையில் மட்டும்தான் இருந்தது.

நறுமுகையின் அப்பா சிதம்பரநாதனுக்கு இலவசம் என்றால் உயிர். இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. தினம் ஒரு மென்பொருளை அன்று ஒரு நாள் மட்டும் சும்மா கொடுப்பார்கள், விடிந்தால் அதற்கு விலை வந்துவிடும். அவர் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, காலையில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவார். தேவையா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். சும்மா கிடைப்பதில் தேவை எங்கே வந்தது என்பார்.

இப்படி எடுத்து எடுத்து ஒரு நாள் கணினியில் இடம் இல்லாமல் போயிற்று. இடம் பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தவர், 'நியூ ஃபோல்டர்' என்று பெயர் போட்டிருந்த ஒன்றைக் குப்பை என்று நினைத்து அழித்தார். கையோடு குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். அதற்குள்தான் பிள்ளை இருந்தாள்.

வீட்டுக்காரர் வரிசையாகப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஐயா, நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம்" என்று ஒரு குரல் கேட்டது. முதல் பல் தெரியச் சிரிக்கிற படம் அது.

"தெரியும் அம்மா. யாரும் உங்களை வெளியேற்றச் சொல்லவில்லை. பலகையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன்."

"அப்படியென்றால் நாங்கள் இங்கேயே இருக்கலாமா?"

"வேறு ஆள் வருகிற வரைக்கும் இருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை.

நறுமுகையின் அம்மா காந்திமதிக்கு விஷயம் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிதம்பரநாதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அழாத காந்தி. அழிஞ்சத எடுத்துக் குடுக்க கண்டெடுப்பான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. வெலதான் ஜாஸ்தி. ஆனா அந்தப் பக்கத்துல வருசா வருசம் ஒரு நாள் அதச் சும்மா குடுக்கான். வரட்டும், எடுத்துருவோம்."

"வரலைன்னா?"

"வராம எங்க போவுது? நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் காலையில் பக்கத்தைத் திறப்பார். கண்டெடுப்பான் இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். வந்ததற்கு இதையாவது எடுப்போம் என்று அதை இறக்கி வைப்பார். திரையில் சுவர்ப்படம் மாற்றுகிற ஒன்று வந்தது. தட்டச்சு விளையாட்டு ஒன்று வந்தது. ஒரு நாள் பஞ்சாங்கம் வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரர் அறை கொடுத்தார். காலி அறைகள்தான் வரிசையாக இருக்கின்றனவே.

பஞ்சாங்கத்துக்குக் கொடுத்த அறையில் எண்ணெய்க் குளியல் படம் இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, காந்திமதி தலைக்கு எண்ணெய் வைக்கிற படம். அந்த வரிசையிலேயே அம்மாவும் பிள்ளையும் சேர்ந்திருந்தது அது ஒன்றுதான்.

"இங்கே ஆள் இருக்கிறது" என்றது படம்.

"பலகை இல்லையே" என்றது பஞ்சாங்கம். அது மரியாதையாகத்தான் சொன்னது. "கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்."

நகர இடம் இல்லை. பஞ்சாங்கம் உள்ளே போய்க் கதவைச் சாத்தியது. மறுபடி அந்த அறையிலிருந்து படத்தின் குரல் வரவில்லை.

பக்கத்து அறைகளில் நடுக்கம் பிடித்துக்கொண்டது. "கண்டெடுப்பான் வருவதற்குள் நாம் எல்லாரும் போய்விடுவோம்" என்று தவழுகிற படம் அழுதது.

"போகமாட்டோம்" என்றது பல் படம். "நம்மை எடுத்த கை யாருடையது என்று மறந்துவிட்டாயா? காந்திமதி ஒன்றைத் தேட ஆரம்பித்தால் பரணைக் கவிழ்த்தாவது எடுப்பாள். பேசாமல் சிரித்துக்கொண்டு இரு."

பல் படத்துக்கு வேறு முகம் வைத்துக்கொள்ளவும் தெரியாது.

ஒரு நாள் சிதம்பரநாதன் வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் செய்தார். குரல் துள்ளியது. "காந்தி, வந்துட்டான். இன்னைக்குக் குடுக்கான். ஒடனே போயி எறக்கு."

காந்திமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வாசலில் கண்டெடுப்பான் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் நெட்டையாக, ஒல்லியாக, நிபந்தனைகளைச் சுமந்துகொண்டு உரிமம் நின்றிருந்தது. கண்டெடுப்பான் எந்த வீட்டுக்குப் போனாலும் உரிமம் கூடவே போகும். ஆனால் யாரும் அதை உட்காரச் சொன்னதில்லை.

மவுஸ் பரபரத்தது. "அதோ அந்தக் கட்டத்தில் ஒரு தட்டு. ஒப்புக்கொண்டோம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது."

"நான் பேசிவிடுகிறேனே" என்றது உரிமம்.

"எதற்கு? எப்படியும் எல்லாரும் ஒப்புக்கொள்ளத்தானே போகிறார்கள்."

"இதுவரைக்கும் நான் போன வீட்டில் ஒருவர்கூட என் மூன்றாவது வரியைத் தாண்டியதில்லை" என்றது உரிமம். அதில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

காந்திமதி மவுஸை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவசரம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒருவர் பார்க்காமல் தட்டியதில்தான் இந்த வீட்டில் இவ்வளவும் நடந்தது. அவள் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். உரிமம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"இன்றைக்கு இறக்கி, இன்றைக்கே பதிந்துகொண்டால்தான் நான் செல்லுபடியாவேன். எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு நாளைக்குத் திறந்தால் திறக்கமாட்டேன். ஒரு கணினிக்கு ஒரு முறைதான். நீக்கிவிட்டு மறுபடி கூப்பிட்டால் வரமாட்டேன். வீட்டு உபயோகத்துக்கு மட்டும். காசு வாங்கிச் செய்கிற வேலையில் என்னைத் தொடக்கூடாது. நாளைக்குப் புதுப் பதிப்பு வந்தால் அதில் உங்களுக்குப் பங்கு இல்லை."

"சும்மா கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இவ்வளவு கறாரா?" என்றது மவுஸ்.

"கொடுப்பது எது, கொடுக்காதது எது என்று இரண்டையும் முதலிலேயே சொல்கிறேன். பிறகு யாரும் ஏமாந்தேன் என்று வந்து நிற்கக்கூடாது, பார்."

கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. அங்கே வந்ததும் உரிமத்தின் குரல் தணிந்தது.

"எந்த டிஸ்க்கில் தொலைத்தீர்களோ, அந்த டிஸ்க்கில் என்னை நிறுவாதீர்கள். வேறு எதையும் புதிதாக வைக்காதீர்கள். தொலைந்தவை இன்னும் அங்கேதான் இருக்கும். நீங்கள் வைப்பது அவற்றின்மேல்தான் போய் விழும்."

காந்திமதி அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தாள். போனை எடுத்தாள்.

"ஏங்க, இத்தன நாளா நீங்க சும்மா கெடைக்குன்னு எறக்கி எறக்கி வச்சீங்களே, அதெல்லாம் எங்க போயி உக்காந்திருக்கு தெரியுமா?"

"எங்க?"

"பிள்ள மேல."

அவள் படித்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்ப என்ன செய்ய?" என்றார் அவர். "வேற கம்ப்யூட்டர்ல பதிஞ்சா இங்க ஓடாது. இதுலயே போட்டா பிள்ள மேல விழும்னு சொல்லுத. ரெண்டும் ஒத்து வரலியே, காந்தி."

"ஒத்து வருது. ரெண்டு தடவ படிச்சிட்டேன். ஒரு கம்ப்யூட்டர்னுதான் போட்டிருக்கான். அந்தக் கம்ப்யூட்டர்ல எந்த எடத்துல வைக்கணும்னு போடல. பென் டிரைவச் சொருகி அதுல வைக்கேன். கம்ப்யூட்டர் அதேதான?"

"அப்படி ஓடுமா?"

"ஓடும்."

"சரி, அப்ப நம்ம பூபாலன் ஸ்டூடியோவுக்கும் ரெண்டு மெமரி கார்டுல அழிஞ்ச படத்த எடுத்துக் குடுத்துருவோம். ரொம்ப நாளா கேக்கான், காசுகூடத் தாரேன்னான்."

"வீட்டுக்கு மட்டும்னு போட்டிருக்கு. வைங்க போன."

உரிமம் மவுஸைப் பார்த்தது. காந்திமதி கட்டத்தில் தட்டினாள். ஒப்புக்கொள்வது என்ன என்று தெரிந்து ஒருவர் ஒப்புக்கொண்டது உரிமத்தின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கண்டெடுப்பான் பென் டிரைவில் போய் உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கே பதிந்தும் கொண்டது. பிறகு டிஸ்க்கின் வாசலில் வந்து நின்றது.

"அறை வேண்டுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"வேண்டாம். பலகை இல்லாத கதவுகளை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

"அங்கே யாரும் இல்லை."

"உங்கள் கணக்கில் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அது முதல் கதவைத் தட்டியது.

ஒவ்வொன்றாக வந்தன. துணிக்குள் சுருண்ட படம் வந்தது. தவழுகிற படம் அழுதுகொண்டே வந்தது. கடைசியில் பல் படம் நிதானமாக வெளியே வந்து, "நான் சொன்னேனா இல்லையா?" என்று எல்லாரையும் கேட்டது. கண்டெடுப்பான் அவர்களைப் பென் டிரைவுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தது.

ஒரு கதவைத் தட்டியபோது பஞ்சாங்கம் திறந்தது.

"இங்கே ஓர் அம்மாவும் பிள்ளையும் இருந்தார்களா?"

"நான் வந்தபோது இருந்தார்கள்" என்றது பஞ்சாங்கம். "அறை கொடுத்தார்கள், வந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது."

கண்டெடுப்பான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்தியது.

சாயங்காலம் சிதம்பரநாதன் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடிவந்தார். நறுமுகை அம்மா மடியில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு பாப்பா?" என்று கேட்டாள். "நீதான்" என்றாள் காந்திமதி. நறுமுகை நம்பவில்லை. சிதம்பரநாதன் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாயிற்று.

எல்லாப் படமும் ஓடி முடிந்த பிறகு அவர் முகம் மாறியது. "காந்தி, நீ எண்ண தேய்ச்சிக் குளிப்பாட்டுவியே, அந்தப் படம் எங்க?"

"அது இருந்த எடத்துல உங்க பஞ்சாங்கம் இருக்கு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் பஞ்சாங்கத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு அதை மூடி, அழித்தார். தட்டச்சு விளையாட்டையும் சுவர்ப்படக்காரரையும் அழித்தார். சும்மா வந்தவர்கள் அத்தனை பேரையும், ஒருவர் விடாமல் அழித்தார்.

வீட்டுக்காரர் வரிசையாகப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்.

பஞ்சாங்கம் இருட்டில் உட்கார்ந்திருந்தது. பென் டிரைவிலிருந்த கண்டெடுப்பானை அது மெல்லக் கூப்பிட்டது.

"நாங்களும் உள்ளேதான் இருக்கிறோம். அவர்களைத் தேடி நீ வந்தாயே, எங்களைத் தேடியும் யாராவது வருவார்களா?"

கண்டெடுப்பானுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

"வரமாட்டார்கள்" என்றது. "உங்களை யாரும் தொலைக்கவில்லையே."